சிவப்பு ஸ்லீவ்

எங்கள் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் கேக் வெட்டி முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து டோஸ்ட் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பற்றி நாலு நல்ல வார்த்தை, நடுவில் சிரிக்கிற மாதிரி ஒன்று, கடைசியில் திராட்சை ரசக் கிளாஸை உயர்த்தி ஒரு வாழ்த்து. மண்டபமே கிளாஸைத் தூக்கும். அதற்கு அப்புறம்தான் பிரியாணி. மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் எந்தக் கத்தோலிக்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இது உண்டு. நானும் எத்தனையோ டோஸ்ட் கேட்டிருக்கிறேன். கிளாஸைத் தூக்கியதோடு சரி.

என் மனைவியின் தம்பிக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் கல்யாணம் நிச்சயமானது. அப்பா அம்மா இல்லாத வீடு. அக்காவும் அக்கா புருஷனும்தான் பெரியவர்கள்.

"டோஸ்ட் நீங்கதான் சொல்றீங்க," என்றாள் என் மனைவி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் நான் "சம்மதம்" என்று சொன்னது சாமியாருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை என் மனைவிதான், "சம்மதம்னுதான் சொல்றாரு ஃபாதர்," என்று முடித்துவைத்தாள். கோவிலில் பின்வரிசை வரைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. பத்தாவது முடித்ததும் ஈக்காட்டுத்தாங்கலில் காயில் சுற்றுகிற பட்டறையில் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ரிலேவுக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கும் செப்புக் கம்பி சுற்றுவது வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

டோஸ்ட் சொல்லச் சொன்ன அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வெங்காய சாம்பார், எனக்குப் பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சான் வீட்டுக்கு வந்தான். தோளில் கிட்டார் பை. அவன் பகலில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறான். மாலையில் வரவேற்புகளுக்கு வாசிக்கிற மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார்.

"மாமா, இதுக்கு பாதி உசுரு போயிடுச்சி," என்று அதைச் சாப்பாட்டு மேஜையில் படுக்கவைத்தான்.

கிட்டாரின் வயிற்றில், தந்திகளுக்குக் கீழே, தீப்பெட்டியைவிட நீளமாக இரண்டு கறுப்புப் பெட்டிகள். பிக்கப் என்றான். தந்தி அதிர்வதைக் கேட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புவது அவைதானாம். பக்கத்தில் ஒரு சுவிட்சு. முன்னே தள்ளினால் முன் பிக்கப், பின்னே தள்ளினால் பின் பிக்கப், நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து. இப்போது முன்னே தள்ளினால் சத்தமே இல்லை.

"கடைக்காரன் புதுசு வரவழைக்கணும்ன்றான். கல்யாணத்துக்கு அப்பறம்தான் வருமாம். அவ ஒரு பாட்டு கேட்டுக்கீறா மாமா. அடையாறு ஸ்கூல் ஹால்ல நான் வாசிக்கச் சொல்லோ கேட்டாளே, அதே பாட்டு. நடு சுவிட்சுல வெச்சுத்தான் அது வரும்."

பெண் அந்த அடையாறு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆண்டு விழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். முப்பத்தொன்பது வயது. இரண்டு வீட்டிலும் இனிமேல் எங்கே என்று விட்டுவிட்ட கல்யாணம் அது. அந்தப் பாட்டு இல்லாமல் மேடை ஏறுவதில் மச்சானுக்கு இஷ்டமில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்து முன் பிக்கப்பைக் கழற்றினேன். மேல்மூடியைத் தூக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. காயில். நான் தினமும் சுற்றுகிற அதே காயில். இத்தனை வருடம் கோவிலிலும் மண்டபங்களிலும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேனே, அதற்குள் என் வேலை இருந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். உயிரில்லை. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

"சுத்திடலாம்," என்றேன்.

"சுத்துனா சத்தம் வருமா?"

"வரும்."

"வந்தா இன்னா வேணுமோ கேளு மாமா."

சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்வரை காத்திருந்தேன். விசில் சத்தத்துக்கு அடியில், "டோஸ்ட் வேணாம்," என்றேன்.

மச்சான் என்னையே பார்த்தான். பிறகு சமையலறையைப் பார்த்தான். "அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நீ."

"செத்தேன்." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "சரி. கிட்டார் சரியாச்சின்னா உனக்கு டோஸ்ட் இல்ல. ஆகலன்னா மைக்கு உன் கைல. டீலு."

கை கொடுத்தோம். "ரெண்டு பேரும் என்னத்துக்குக் கை குடுத்துக்கிறீங்க?" என்றபடி என் மனைவி வந்தாள். "ஹேப்பி சண்டே," என்றான் அவன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் வேலையை ஆரம்பித்தேன். என் பக்கத்து மெஷின்காரர் நங்கநல்லூரிலிருந்து வருகிறவர். இருபது வருடமாக என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவரே பேசுகிறார்.

"இன்னா நைனா அது? மிக்சி காயிலா?"

"கிட்டார்."

"கிட்டாருக்கு இன்னாத்துக்கு காயிலு? பிளக்குல சொருவுனா அதுவே பாடுமா?"

"மச்சான் பாடுவான்."

"அப்ப மச்சானுக்குத்தான் காயில் சுத்தணும். நாப்பது தாண்டிக் கட்டிக்கிறாரு, எர்த் எல்லாம் சரியா கீதா பாரு."

பழைய கம்பியை மெதுவாக அவிழ்த்தேன். கவுண்ட்டரில் சுற்று ஏற ஏற, இன்னும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், தொடக்க முனையில், வேர்வை இறங்கிப் பச்சை பிடித்து அறுந்திருந்தது. மச்சானின் கை வேர்வையாகத்தான் இருக்கும். அத்தனை வரவேற்பு வாசித்திருக்கிறான்.

புதுக் கம்பியைச் சுற்றும்போது மெஷினை ஆமை வேகத்துக்குக் குறைத்தேன். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே கம்பளித் துணியில் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் தொளதொளவென்று நிற்கும். முதல் நாள் அறுந்தது. இரண்டாம் நாள் பாதிக்கு மேல் போய் அறுந்தது. பக்கத்து மெஷின்காரர் தும்மியதுதான் காரணம் என்று நானும், என் கை நடுக்கம்தான் காரணம் என்று அவரும் இன்று வரைக்கும் சொல்கிறோம். மூன்றாம் நாள் அவர் வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு எதிரே நின்றார். முழுசாகச் சுற்றி முடிந்தது. மீட்டரில் பின் பிக்கப்பும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். சுற்று தொடங்குகிற முனைக்குச் சிவப்பு ஸ்லீவ், கம்பி மேல் போடுகிற சின்ன உறை, மாட்டுவோம், முடிகிற முனைக்குக் கறுப்பு. சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொடுப்பார்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் என் கை தொடக்க முனைக்குச் சிவப்பைத்தான் தேடும். அப்படியே மாட்டினேன். கிட்டாருக்குள் போகிற வயரும் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

வீட்டில், அவன் விட்டுப்போயிருந்த சின்ன ஸ்பீக்கரில் செருகினேன். சுவிட்சை முன்னே தள்ளி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பைத் தட்டினேன். டொக் என்றது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஆள் குரல் கொடுத்த மாதிரி. பிறகு தைரியம் வந்து, தடித்த தந்தியைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். நான் அதுவரை கிட்டார் வாசித்ததே இல்லை. அந்த ஒரு சத்தம் மேஜைக்கு மேல் எழுந்து, சுவர்க் கடிகாரம் வரைக்கும் போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. என் மனைவி கரண்டியோடு வந்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்."

"பாட்டெல்லாம் வேற வருமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தம்பி மேல் எனக்கு இவ்வளவு பிரியமா என்று நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை.

பின் பிக்கப்பையும் தட்டிப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. பட்டறையில் ஒவ்வொரு காயிலையும் தனியாகச் சோதித்து மார்க்கரில் ஓகே போடுவோம். அதே கையோடு கிட்டாரின் பின்மூடியில் பேப்பர் டேப் ஒட்டி, ஓகே, ஓகே என்று இரண்டு எழுதினேன். பத்திரிகை கொடுக்க அலைந்துகொண்டிருந்த மச்சான் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, டேப்பைப் பார்த்து என் தோளில் தட்டிவிட்டு ஓடினான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் மாதிரி நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. தி. நகரில் புடவைக் கடை ஸ்டூலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை. எந்தக் கலரைக் காட்டினாலும் நன்றாக இருந்தது. "பேசுறத எழுதிட்டீங்களா?" என்று என் மனைவி பஸ்ஸில் கேட்டாள். "எழுதிக்கிட்டே இருக்கேன்," என்றேன். டீலை அவளிடம் மச்சான் சொல்லிக்கொள்வான் என்ற தைரியம்.

கல்யாண நாள் வந்தது. நாலு மணிக்குக் கோவிலில் திருமணம். இந்த முறை இரண்டு பேருடைய சம்மதமும் பின்வரிசை வரை கேட்டது. ஏழு மணிக்குக் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. மெட்ரோவுக்குத் தோண்டியிருந்ததால் ஜனங்கள் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் மச்சான் கோட்டு சூட்டோடு மேடையில் கிட்டாரைச் செருகினான்.

முன்னே தள்ளினான். தடிமனான, இதமான சத்தம். பின்னே தள்ளினான். கூர்மையாக, பளிச்சென்று. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். பிறகு நடுவில் வைத்தான்.

மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மெலிந்து, சத்தும் குறைந்து.

மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தான். "மாமா, கொசு பாடுது."

"தனித்தனியா நல்லாதானே இருக்கு?"

"தனித்தனியா கீறதுக்கா கல்யாணம் பண்ணேன்? அவ கேட்ட பாட்டு நடு சுவிட்சுல மாமா." கோட்டுக் கையை மடக்கி வாட்ச் பார்த்தான். "கேக் வெட்டுறதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி டீலு தெரியும்ல?"

மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை, நாற்காலிக்காரர் சொன்னார்.

மனைவியின் மாற்றுப் புடவை இருந்த பையில், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயனையும் பழைய முள் மீட்டரையும் வைத்திருந்தேன். எங்கே போனாலும் வைத்திருப்பேன். அதற்கு என் மனைவி செய்யாத கேலி இல்லை. பிளக் பாயின்ட் இருந்த ஒரே இடம் மேடைக்குப் பின்னால் இருந்த அறை. கிட்டாரோடு உள்ளே போனால், மணப்பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேக்கப் போடுகிற அம்மாள் அவள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வெளியே போகப் பார்த்தேன்.

"வாங்கண்ணா. என்ன ஆச்சு?" என்றாள் மணப்பெண்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தனியாக வாசித்தால் இரண்டும் சரி, சேர்த்தால் மெலிந்துபோகிறது. அவள் மேக்கப் அம்மாளின் கையை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் சாய்ந்தாள். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் அல்லவா. "பார்க்கலாமே."

கிட்டார் வயரின் முனையை முள் மீட்டரில் மாட்டினேன். சுவிட்சை முன்னே தள்ளி, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தில் வைத்துச் சட்டென்று எடுத்தேன். முள் இடப்பக்கம் துள்ளியது. சுவிட்சைப் பின்னே தள்ளி அதேபோல் எடுத்தேன். முள் வலப்பக்கம் துள்ளியது. மறுபடி செய்தேன். இடம். வலம்.

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது," என்றாள்.

அப்போதுதான் என் கண் பின்மூடியைத் திறந்த இடத்தில் சிவப்பு வயர் மேல் போய் நின்றது. எங்களுக்குச் சிவப்பு என்றால் தொடக்கம். இந்தக் கிட்டார் செய்தவர்களுக்குச் சிவப்பு என்றால் முடிவு. இரண்டு முனையும் தலைகீழாகப் போயிருக்கிறது.

அதை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பட்டறை, ஸ்லீவ், முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, தும்மல், கர்ச்சீப், எல்லாம் சொன்னேன். "ரெண்டும் நல்ல காயில்மா. ஒண்ணுலகூடக் குறை இல்ல. நான் தனித்தனியா தட்டிப் பார்த்து ஓகே எழுதிட்டேன். சேர்ந்து நின்னா எப்படி இருக்கும்னு பார்க்கவே இல்ல."

"அண்ணா, நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. இதையே மைக்கில சொல்லிடுங்களேன்."

"மைக்கு வேணாம்னுதான்மா இதைச் சரி பண்றேன்," என்று டீலையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் மை கன்னத்தில் இறங்கியது. மேக்கப் அம்மாள், "நீங்க வெளிய போறீங்களா, நான் போவட்டுமா?" என்றாள்.

இரண்டு முனையையும் மாற்றிப் பற்றவைத்தேன். அவசரத்தில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். மல்லிகை வாசனையோடு ஈயப் புகை. முள்ளைப் பார்த்தோம். வலம். சுவிட்சு. வலம். மணப்பெண் பின்மூடி டேப்பில் புருவம் தீட்டுகிற பென்சிலால் மூன்றாவதாக ஒரு ஓகே எழுதினாள். பரீட்சைத் தாளில் போடுவதுபோல அடியில் ஒரு சின்னக் கையெழுத்தும்.

மச்சான் நடு சுவிட்சில் ஒரே ஒரு முறை தந்தியை மீட்டினான். கண்ணை மூடினான். பிறகு நிகழ்ச்சி நடத்துகிறவரின் கையிலிருந்த பேப்பரை வாங்கி, டோஸ்ட் என்பதற்கு எதிரே இருந்த என் பெயரைப் பேனாவால் அழுத்தி அடித்தான். "டீலுன்னா டீலு மாமா."

நான் ஆறாவது வரிசையில் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். கேக் வெட்டினார்கள். சின்னப் பிளாஸ்டிக் கிளாஸ்களில் திராட்சை ரசம் எல்லோர் கைக்கும் வந்தது.

"அடுத்ததாக, மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்வதற்கு..." என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் பேப்பரைப் பார்த்தார். "டோஸ்ட் சொல்வதற்கு..." பேப்பரை விளக்குப் பக்கம் திருப்பினார். "நம்முடைய அன்புக்குரிய..."

என் பெயரை அடித்த மச்சான், அந்த இடத்தில் வேறு பெயர் எழுதவில்லை. யாரிடமும் கேட்டுவைக்கவும் இல்லை. அது இப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. மேடையில் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். முதல் வரிசையிலிருந்து என் மனைவி மெதுவாகத் திரும்பினாள். அக்காவிடம் அவன் சொல்லவே இல்லை என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது.

மண்டபம் கிளாஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. இனி கூப்பிடவும் முடியாது, பேர்தான் இல்லையே. நான் உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

மணப்பெண் மடியில் கை வைத்திருந்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் மீட்டர் முள் மாதிரி நிமிர்த்தி வலப்பக்கம் ஒரு துள்ளல் துள்ளவைத்தாள். மறுபடி வலப்பக்கம். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்ததில் கால் எப்போது எழுந்தது என்று தெரியவில்லை.

மைக் என் கையில் கீச்சென்றது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன்.

முதல் வரிசையில் என் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மச்சானோட கிட்டாருக்கு நான்தான் காயில் சுத்துனேன். ரெண்டு காயில். தனித்தனியா ரெண்டும் ஓகே. சேர்த்தா கொசு மாதிரி பாடுச்சு. காயில் மேல தப்பு இல்ல. ஒரு காயிலோட முனைய மாத்திப் போட்டா போதும், அது எனக்கு இப்பதான் தெரிஞ்சது. மச்சான் நாப்பத்து மூணு வருசம் தனியா ஓகே. பொண்ணு அவங்க ஸ்கூல்ல தனியா ஓகே. இன்னிக்குத்தான் நான் ரெண்டையும் சேர்த்து முள்ளுல பார்த்தேன். ஒரே பக்கம் போகுது." வேறு என்ன சொல்வது என்று யோசித்தேன். "அவ்வளவுதான்."

முதலில் மணப்பெண் சிரித்தாள். பிறகு மச்சான். பிறகு பின்வரிசை வரைக்கும். என் கல்யாணத்தில் பின்வரிசை வரைக்கும் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. இந்தச் சிரிப்பு அது மாதிரி இல்லை. நான் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கப் போனேன்.

"என்னங்க, கிளாஸ்," என்று என் மனைவி குரல் கொடுத்தாள்.

கிளாஸைத் தூக்க மறந்திருந்தேன். கையை உயர்த்தினேன். கையில் கிளாஸ் இல்லை, ஸ்க்ரூடிரைவர் இருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருந்தேனோ. மண்டபம் மொத்தமும் ஸ்க்ரூடிரைவருக்கு எதிரே கிளாஸைத் தூக்கியது.

மச்சான் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவள் கேட்ட பாட்டை ஆரம்பித்தான். நடு சுவிட்சு. சத்தம் முழுசாக, தடிமனாக, மின்விசிறிகளுக்கு மேலே ஏறிப் பரவியது. முதல் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் என் சுட்ட விரலைப் பிடித்துக் குளிர்ந்த கிளாஸில் வைத்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"நல்லா பேசினீங்க. அந்தப் பேப்பர்ல உங்க பேரை யாரு அடிச்சது?"

மேடையில் மச்சான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்தான். நான் பாட்டுச் சத்தத்தில் கேட்காதவன் மாதிரி தலையை ஆட்டி ரசித்தேன்.